சத்தத்தை மட்டும் நீ சொல்லு

அம்னா ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் இடக் கையை வலப்பக்கத்தில் பொருத்தித் தைத்துவிட்டாள். அதைக் கண்டவள் அவளுடைய தம்பியின் மனைவி ரிப்கா. பொத்தான் வைக்கச் சட்டையை மடியில் விரித்தபோது தோள்பட்டையில் துணி இழுத்துக்கொண்டு நின்றது. இன்னொருவர் தைத்திருந்தால் அது சாதாரணப் பிழை. ஆனால் ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாலே அளவு சொல்லிவிடுகிறவள் என்று ஏறாவூரில் பெயரெடுத்தவள் அம்னா. அந்த ஒரு கிழமைக்குள்ளேயே இது இரண்டாவது தடவை.

ரிப்கா சட்டையைத் தூக்கிக் காட்டினாள். மற்ற நாளாயிருந்தால் அம்னா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அன்றைக்குத் தையல் மெஷினின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அம்னாவுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே காய்ச்சல் வந்து காது போனது. அதை அவள் பெரிய குறையாக எடுத்துக்கொண்டதை யாரும் கண்டதில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் படித்தாள். வாசிக்க எழுதத் தெரியும். சைகையில் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் கண்தான் களைத்துப்போகும். ஊரில் எல்லோருக்கும் அவள் ஒரு கைப்பெயர் வைத்திருந்தாள். தம்பி ரிஸ்கானுக்கு உடைந்த முன்பல். மூலைவீட்டு ஸஹீதா மாமிக்கு இடுப்பில் ஆடும் சாவிக்கோர்வை. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும். ராத்தா அம்னாவைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ரிஸ்கான் பிடிவாதமாய் நின்றதால், ரிப்காதான் ஓட்டமாவடியிலிருந்து இங்கே வந்தாள். வந்த கிழமையே அவளுக்கும் கைப்பெயர் கிடைத்தது: விரல்களைக் குவித்து வாயருகே வேக வேகமாகக் கொண்டுபோவது.

"அப்பிடியா மச்சி நான் சாப்பிடுறன்?" என்று ரிப்கா தெரிந்த சைகையில் கேட்டபோது, அம்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள். ரிப்கா சைகை கற்றுக்கொண்டது அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று சொல்லலாம்.

அந்த அம்னா கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தாள். சித்திரை வெயிலில் ஓடு கொதிக்கும்போது அவள் ரிஸ்கானுடைய பழைய சுவெட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தாள். ரிப்கா ஃபேனைப் போட்டால் எழுந்து போய் நிறுத்தினாள். சாப்பாடு குறைந்தது, உடம்பு ஏறியது. காலையில் முகம் ஊதியிருந்தது. பின்னேரமானால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது.

"தின்னுற கூட, நடக்கிற குறைய. வேறொண்டுமில்ல புள்ள," என்றாள் ஸஹீதா மாமி. மாமியின் வாயசைவை அம்னா நன்றாகவே படித்தாள். பதிலுக்கு மாமியின் இடுப்பைக் கையால் அளந்து காட்டக்கூட அவளுக்கு உற்சாகம் வரவில்லை.

ரிஸ்கான் பாசமான தம்பி. ஓட்டோ ஓடுகிறவன். சின்ன வயதிலிருந்து ராத்தாவுக்கு வாயும் காதும் அவன்தான். கடை, வங்கி, அரசாங்கக் கச்சேரி எங்கேயென்றாலும் அவன் கூடவே போனான். அப்படித்தான் பக்கத்து டிஸ்பென்சரிக்கும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே டொக்டர் ரிஸ்கானைப் பார்த்துக் கேட்டார், ரிஸ்கான் சொன்னான், இரும்புச்சத்துக் குளிசை கிடைத்தது. வெளியே வந்ததும் அம்னா தம்பியின் தோளைத் தட்டினாள்.

"என்ன சொன்னாய்?"

"களைப்பு எண்டு சொன்னன்."

"அவ்வளவு நேரம் வாயசைச்சாய். களைப்பு எண்டுறது ஒரு சொல்லுத்தானே?"

ரிஸ்கான் தலையைச் சொறிந்தான். "ராத்தா போன் பாக்கிற கூட எண்டும் சொன்னன். அதுவும் ஒரு காரணமா இருக்கலாமெண்டு..."

அம்னா வீடு போய்ச் சேரும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டால் அவளோடு யாராலும் பேசமுடியாது. கோபம் வந்தால் அதுதான் அவளுடைய கதவடைப்பு.

தைராய்ட் என்ற பேச்சை எடுத்தவள் ஹெதர். அம்னாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள், மட்டக்களப்பு டவுனில் இருக்கும் பறங்கிக் குடும்பத்துப் பெண், அவளுக்கும் காது கேளாது. கிழமைக்கு ஒருமுறையாவது இரண்டு பேரும் வீடியோவில் கை வலிக்கும்வரை கதைப்பார்கள். ஒரு நாள் பேச்சை நடுவில் நிறுத்திய ஹெதர், திரைக்கு அருகே வந்து அம்னாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உன்ட முகத்துக்கு என்ன? எனக்கு முன்னம் இருந்த மாதிரி இருக்கு."

பிறகு தன் கழுத்தைத் தொட்டாள். தனக்கு அங்கேயிருக்கிற சுரப்பி மெத்தனமாய்ப் போனதையும், காலையில் வெறும் வயிற்றில் குளிசை போடுவதையும் சொன்னாள். அம்னா உடனே அந்தக் குளிசையின் பெயரைக் கேட்டாள். ஹெதர் விரலை ஆட்டினாள்.

"பெயரைக் கேட்டு வாங்கிப் போடுற வேலை இல்ல. எனக்கு வந்ததுதான் உனக்கும் எண்டு நான் சொல்லல்ல. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். ஆனா டொக்டருக்கு நீயே சொல்லு. உனக்கு நடக்கிறது உனக்குத்தான் தெரியும்."

சனிக்கிழமைகளில் டவுனிலுள்ள ஒரு கிளினிக்குக்கு இந்த நோய்களைப் பார்க்கிற ஒரு பெண் டொக்டர் வருவதாக ஹெதர் சொன்னாள். ரிப்கா கிளினிக்குக்குப் போன் எடுத்து நம்பர் பதிந்தாள். அம்னா இரவுச் சாப்பாட்டின்போது செய்தியைத் தம்பிக்குச் சொன்னாள்: ரிப்கா கூட வருவாள், அவன் உள்ளே வரவேண்டாம்.

ரிஸ்கானின் கை சோற்றில் அப்படியே நின்றது. "நான் இல்லாம எப்பிடி? அந்த டொக்டர் சிங்களமாம். தமிழ் அரைகுறையாம். நீ எழுதிக் குடுத்தாலும் வாசிக்க மாட்டா."

"அப்ப உனக்கு மட்டும் சிங்களம் தண்ணி பட்ட பாடா?"

"ராத்தா, நான் எத்தின வருசமா உனக்காகப் பேசிட்டு வாறன்."

அம்னா கையைக் கழுவிவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாக, ஒவ்வொரு சைகையையும் முழுசாகச் செய்தாள்.

"நீ இல்லாட்டி நான் இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா என்ட மாசத் தீட்டைப் பத்தி நீ டொக்டருக்குச் சொல்லுவியா? நான் கக்கூசில எவ்வளவு நேரம் இருக்கிறன் எண்டு சொல்லுவியா?"

ரிஸ்கானுடைய காது சிவந்தது. அவன் எழுந்து கிணற்றடிக்குப் போனான். ரிப்கா பின்னால் போகப் பார்த்தாள். அம்னா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவன் திரும்பி வந்தபோது, "ஓட்டோவில கொண்டுபோய் விடலாந்தானே?" என்று மட்டும் கேட்டான். அம்னா அவனுடைய தலையில் செல்லமாய் ஒரு குட்டு வைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க ரிப்காவுக்கு வியப்பாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற ஒருத்தி, தன் கடைசிப் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு காரியத்தில் இறங்கியிருந்தாள். ஹெதர் வீடியோவில் டொக்டராக நடித்தாள். புருசனுடைய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, அம்னாவை நிமிர்ந்தும் பார்க்காமல் கடதாசியில் கிறுக்கினாள். அம்னா தன் நோவுகளையெல்லாம் ஒன்றாய்க் கொட்டினால், பெரிதாய்க் கொட்டாவி விட்டாள்.

"எல்லாருக்கும் களைப்பு, எல்லாருக்கும் முடி கொட்டுது. டொக்டருக்கு அது புதினமில்ல. முன்னம் நீ எப்பிடி இருந்தாய், இப்ப எப்பிடி இருக்கிறாய் எண்டு காட்டு."

அம்னா அதைப் பிடித்துக்கொண்டாள். சைகை தெரியாத ஆளுக்கு விளங்கவேண்டும் என்பதால், சைகையை விட்டுவிட்டு நடித்துக் காட்டப் பழகினாள். இரண்டு விரலை மேசைமேல் ஓடவிட்டாள்: முன்பு. பிறகு அதே விரல்களைச் சேற்றில் நடப்பதுபோல் இழுத்தாள்: இப்போது. எல்லோரும் வியர்த்து விசிறுவதையும், நடுவில் தான் மட்டும் குறண்டிக்கொண்டு இருப்பதையும் மாறி மாறிச் செய்தாள். போனில் தம்பியின் கலியாணப் படத்தைத் தேடியெடுத்தாள், அதில் அவளுடைய தாடை எலும்பு தெரிந்தது. போட்டுக்கொண்டிருந்த இரும்புக் குளிசையின் அட்டையையும் பையில் வைத்தாள். நடுநடுவே மெஷினில் சாய்ந்து தூங்கினாள். எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

ஒரு பின்னேரம் ரிப்கா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அம்னா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நீ என்னோடயே இருக்கிறாய். எனக்குத் தெரியாம நீ கண்டது ஏதும் இருக்கா?"

ரிப்கா யோசித்தாள். குளியலறை ஓட்டையில் அடைத்துக்கொள்ளும் முடியைச் சொன்னாள். கேட்டதையே திரும்பக் கேட்பதைச் சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டாள். அம்னா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை வாசிக்கிறவளிடம் எதை மறைப்பது?

"சொல்லு."

ரிப்கா இறால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "உங்கட சத்தம் மாறிட்டு மச்சி."

அம்னாவுக்கு விளங்கவில்லை. ரிப்கா திரும்பவும் சொன்னாள். அம்னா பின்னாலிருந்து அவளைக் கூப்பிடுவதுண்டு. "இவ்வா" என்று வரும். ரிப்கா என்பதன் அம்னாவுடைய உரு அது. சிரிக்கும்போதும் சத்தம் வரும், ஊசி குத்தினாலும் வரும். இந்த வீட்டுக்கு வந்தபோது ரிப்கா கேட்ட அந்தச் சத்தம் இப்போது இல்லை.

தனக்கு ஒரு சத்தம் இருக்கிறது என்பது அம்னாவுக்குத் தெரியும். ஆனால் அதை ஒருவர் அடையாளம் வைத்திருப்பார், அது மாறினால் கவனிப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எப்பிடி இருந்த? இப்ப எப்பிடி இருக்கு?"

இதற்கு ரிப்காவிடம் சைகை இல்லை. பிறகு தையல் அறைக்குப் போய், வெட்டுத்துண்டுக் கூடையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து வந்தாள். ஒன்று மணப்பெண் சட்டைக்கு வெட்டிய சாட்டின். மற்றது அரிசி மூட்டையின் சாக்கு. முதலில் சாட்டினை அம்னாவின் உள்ளங்கைக்குக் குறுக்கே இழுத்தாள்.

"முன்னம் இது."

பிறகு சாக்கை இழுத்தாள். "இப்ப இது."

அம்னா இரண்டு துண்டுகளையும் வாங்கித் தன் கையால் பல தடவை இழுத்துப் பார்த்தாள். துணியை அறிந்த கை அது. பிறகு ரிப்காவின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, "இவ்வா" என்றாள். அந்தக் கரகரப்பு ரிப்காவின் விரல்களில் ஏறியது.

"முன்னம் வடிவா இருந்ததா?"

"ஓம். நல்ல வடிவு."

"இப்ப?"

"இப்ப ஆம்புளச் சத்தம்."

அம்னா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கண்ணில் தண்ணீரும் வந்தது, அது சிரிப்பால் வந்ததா என்று ரிப்கா கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்னா சொன்னாள்:

"மத்ததெல்லாம் நான் சொல்லுறன். சத்தத்தை மட்டும் நீ சொல்லு."

இன்னொரு கேள்விக்கும் விடை வேண்டியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று டொக்டர் நிச்சயம் கேட்பார் என ஹெதர் சொல்லியிருந்தாள். உம்மா மௌத்தாகிப் போய் நிறைய வருசம். ரிஸ்கானைத்தான் அம்னா உம்மாவோடு பழகிய ஸஹீதா மாமியிடம் அனுப்பினாள். அவன் போய் மாமியோடு நெடுநேரம் கதைத்துவிட்டு வந்தான். வந்தவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உம்மாக்குக் கழுத்தில வீக்கமா ஒரு கழல இருந்ததாம் ராத்தா. அதுக்காகத்தான் வீட்டுக்குள்ளயும் முக்காட்டைக் கழுத்தச் சுத்தி இறுக்கிப் போடுறவவாம். கடைசிக் காலத்தில உம்மாவும் இப்பிடித்தான் குளிருது குளிருது எண்டு இருந்தாவாம். நமக்கு ஒண்டும் தெரியாது."

அம்னா தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். "பாத்தியா? இதை நீதான் கொண்டுவந்த."

சனிக்கிழமை காலையில் ரிஸ்கான் ஓட்டோவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். டவுனுக்குப் போகும் வழியெல்லாம் அம்னா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். கிளினிக் வாசலில் இறங்கும்போது ரிஸ்கான், "நான் ஆத்தோரம் நிக்கிறன், போன் அடிங்க," என்றான். ஆனால் நம்பர் வரும்வரை அவன் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே நம்பரை வாயால்தான் கூப்பிட்டார்கள். ரிப்கா காது கொடுத்திருந்தாள்.

டொக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். முகக்கவசம் போட்டிருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்ததும் ரிப்காவைப் பார்த்து, "இவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்.

ரிப்காவுக்கு வாயில் எல்லாம் தயாராக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் அம்னா பக்கம் முகத்தைத் திருப்பினாள். "காது கேக்காது டொக்டர். ஆனா அவதான் சொல்லுவா."

"எவ்வளவு காலமா?" டொக்டர் மறுபடியும் ரிப்காவைத்தான் கேட்டார்.

அம்னா மேசையில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். டொக்டர் திரும்பினார். அம்னா தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு டொக்டரின் முகக்கவசத்தைக் காட்டி, மரியாதையாகத் தலையைச் சாய்த்து, கழற்றும்படி கேட்டாள். டொக்டர் ஒரு கணம் யோசித்தார். கவசத்தை இறக்கிவிட்டுக் கதிரையை அம்னாவுக்கு நேராக நகர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ரிப்கா வெறும் பார்வையாளர். அம்னா கலியாணப் படத்தைக் காட்டித் தன் முகத்தைக் காட்டினாள். விரல்களை ஓடவிட்டாள், இழுத்தாள். டொக்டருக்கு வியர்ப்பதுபோல் காட்டினாள், தான் நடுங்கினாள். தலையில் கை வைத்து ஒரு பிடி முடியை எடுத்துக் காற்றில் விட்டாள். மாதத் தீட்டு எப்படிப் பெருகி நிற்காமல் போகிறது என்பதைக் காட்டினாள். பிறகு கதிரையிலேயே குந்துவதுபோல் குனிந்து, முகத்தை இறுக்கி, மணிக்கூட்டைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தாள். ரிப்காவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அம்னாவும் சிரித்தாள். ஆனால் கண் டொக்டரை விட்டு நகரவில்லை. விளங்கியதா, எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் எழுதினார்.

உம்மாவின் கழலையைக் கழுத்தில் வரைந்து காட்டியதும் டொக்டரின் முகம் மாறியது. எழுந்து பின்னால் வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார், தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார். அம்னாவை முழங்காலிட வைத்துக் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி இறங்க நேரமெடுத்தது, தூக்கத்திலிருந்து எழும்ப மனமில்லாத ஆள்போல. அம்னா தோளுக்கு மேலால் அதைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். இன்னொருமுறை தட்டும்படி கேட்டாள். டொக்டர் தட்டினார்.

அப்போதுதான் அம்னா ரிப்காவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"டொக்டர், ஒரு விஷயம் இருக்கு. மச்சிட சத்தம் மாறியிருக்கு. முன்னம் மெல்லிசு. இப்ப கரகரப்பு. அதை அவவால கேக்க ஏலாதுதானே, அதனால நான் சொல்லுறன்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லது. இது மிச்சம் முக்கியம்," என்றார். தமிழ்ச் சொல்லைத் தேடிக் கொஞ்சம் நின்றுவிட்டு, அம்னாவின் பக்கம் திரும்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னார்: "நீங்க நல்லா சொன்னது. எல்லாரும் இப்படி சொன்னா எனக்கு வேலை லேசு."

அம்னா அந்த உதட்டைப் படித்துவிட்டாள். ஆனாலும் ரிப்காவைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவையும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

ரத்தம் பார்க்காமல் முடிவு சொல்லமுடியாது என்றார் டொக்டர். சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அம்னா இரும்புக் குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்துப் புருவத்தை உயர்த்தினாள். தைராய்ட் குளிசை தொடங்கவேண்டி வந்தால் இதை அதோடு சேர்த்துப் போடக்கூடாது, இடையில் பல மணித்தியாலம் விடவேண்டும் என்று டொக்டர் விளக்கினார். கேட்காமல் வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

வெளியே வந்தபோது ரிஸ்கான் மதிலோரம் நின்றுகொண்டிருந்தான். "என்னவாம்? என்ன சொன்ன?" என்று ரிப்காவிடம் கேட்கப்போனவன், பாதியில் நிறுத்திவிட்டு ராத்தாவிடம் திரும்பி, கையால் கேட்டான். அம்னா ஓட்டோவில் ஏறவில்லை. ஆற்றோரம் நின்று முழுவதையும் அவனுக்கு நடித்துக் காட்டினாள். சுத்தியல் கட்டம் வந்ததும் அவனுடைய ஒரு காலைத் தூக்கவைத்துக் குதியைத் தட்டினாள். பாலத்தில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சோதனை முடிவு ஹெதர் சந்தேகப்பட்டதுபோலவே வந்தது. டொக்டர் குளிசை கொடுத்தார், சில கிழமைக்குப் பிறகு மறுபடி ரத்தம் பார்த்து அளவைக் கூட்டினார். ஒரே இரவில் ஒன்றும் மாறவில்லை. முதல் மாதம் முழுக்க அம்னா, "இது மருந்தா, வெறும் அரிசிமாவா?" என்று சினந்துகொண்டே விழுங்கினாள். பிறகு ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அவள் தூங்காமல் நான்கு சட்டைகளுக்கு வெட்டிப் போட்டாள். அடுத்த நாள் தூங்கிவிட்டாள். அதற்கடுத்த நாள் தூங்கவில்லை. அப்படி மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தாள். இன்றைக்கும் சில பின்னேரங்களில் உடம்பு பாரமாகிறது, அந்த நேரங்களில் மறைக்காமல் படுத்துக்கொள்கிறாள்.

கிளினிக் கதையை ஹெதர் தங்கள் பள்ளிக்கூடச் சிநேகிதர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் கரடியனாற்றிலிருந்து ரதீஸ் வீடியோவில் வந்தான். அவர்களுக்குப் பல வகுப்பு கீழே படித்தவன், வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறான். மூட்டை தூக்கினால் நெஞ்சுக்குள் ஏதோ பிடிக்கிறதாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறான். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்னா போனை மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு, எந்த இடம்?"

ரதீஸ் கையைத் தூக்குமுன் அவனுடைய அம்மா திரைக்குள் வந்து, தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்னா பொறுமையாகப் பார்த்திருந்தாள். பிறகு கை இரண்டையும் கூப்பி, அந்த அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி மகனைக் காட்டினாள். அந்த அம்மா மகனைப் பார்த்தார், தயங்கினார், நகர்ந்தார். ரதீஸ் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, விரலால் இடத்தைத் தேடினான்.